மலைநாட்டு மழைக்கு எந்தக் கத்தி? மடக்குக் கத்தி உருக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பதினொரு வருடம் நின்றேன். அரம், மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். இப்போது கந்தப்பளைப் பக்கம் லீக்ஸும் கரட்டும் போடுகிறேன். ஆனாலும் கேள்வி கேட்பது நிற்கவில்லை. பஸ்ஸில் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு சாவு வீட்டில், பந்தலுக்குக் கீழே, ஒருவர் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து, "இது நல்ல உருக்கா பாருங்க" என்றார். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பையில் போட்டுக்கொண்டு திரியும் மடக்குக் கத்தியைப் பற்றி மட்டும்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த உருக்கு நல்லது?

திருப்பி ஒரு கேள்வி கேட்பேன், கோபிக்க வேண்டாம். வீட்டில் என்ன கல் இருக்கிறது?

பீலிக்கரைக் கருங்கல்லில் தேய்ப்பவரா? கடையில் வாங்கிய, ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமான கல்லா? இல்லை, வைரத்தூள் பதித்த தகடா? இதைச் சொன்னால் உருக்கின் பெயரை நான் சொல்லிவிடுவேன். எந்த உருக்கும் ஒருநாள் மழுங்கும். மழுங்கியதை உங்களால் தீட்ட முடியவில்லை என்றால் கத்தி லாச்சிக்குள் போய்விடும். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அப்படித்தான்.

சாதாரணக் கல் மட்டும்தான் என்றால் 12சி27, 14சி28என், விக்டோரினாக்ஸ் கத்தியில் வரும் உருக்கு, இந்த வரிசையில் நில்லுங்கள். வைரத் தகடு இருந்தால் டி2, எஸ்30வி பக்கம் போகலாம். அடுத்தது மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இருப்பவர் சீக்கிரம் துருப்பிடிக்கும் கார்பன் உருக்கை ஆசைப்பட்டு வாங்கி அழவேண்டாம். மழை குறைந்த வெலிமடை, பண்டாரவளைக்காரர் தாராளமாக வைத்திருக்கலாம்.

எல்லாம் ஒரே மாதிரிப் பளபளக்கிறது. உள்ளே என்னதான் வித்தியாசம்?

இரும்போடு கார்பன் சேர்ந்தால் உருக்கு. கத்திக்குச் சுமார் அரை சதவீதமாவது கார்பன் வேண்டும், அப்போதுதான் பழுக்கக் காய்ச்சித் துவைச்சல் போடும்போது, அதாவது தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கும்போது, இறுகும். துருவைத் தடுப்பது குரோமியம். உருக்கில் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் என்பார்கள். கத்திகளில் 13, 14 சதவீதம் சாதாரணம். வனேடியம், மோலிப்டினம் போன்றவை கூரை நீண்ட நாள் நிற்க வைக்கச் சேர்ப்பவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கார்பன், குரோமியத்தையும் வனேடியத்தையும் பிடித்துக்கொண்டு கார்பைடு என்னும் மிகக் கடினமான மணிகளாக மாறிவிடும். எள்ளுருண்டையை நினைத்துப் பாருங்கள். வெல்லப்பாகுதான் உருக்கு, எள்தான் கார்பைடு. எள் அதிகமானால் தேய்மானம் குறையும், ஆனால் பாகு குறைந்துவிடுவதால் உருண்டை உதிரும். கடலை உருண்டை என்றால் இன்னும் மோசம், கடலை பெயர்ந்த இடத்தில் பெரிய பள்ளம் விழும். டி2 கடலை உருண்டை. எஸ்30வி மாதிரித் தூளிலிருந்து செய்யும் உருக்குகள் எள்ளுருண்டை. விக்டோரினாக்ஸில் எள்ளே கொஞ்சம்தான், கிட்டத்தட்ட வெறும் பாகு. அதனால்தான் அது உடையாது, சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டுப்படும்.

குரோமியம் மணிக்குள் சிக்கிக்கொண்டால் துருவைத் தடுக்க வெளியே மிச்சமிருப்பது குறையும். கணக்கில் எவ்வளவு குரோமியம் என்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

பெட்டியில் 58, 60 என்று ஏதோ எண் இருக்கிறதே?

அது உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவு. 120 பாகை கோணமுள்ள வைரக் கூம்பை 150 கிலோ எடையில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். குறைவாக இறங்கினால் எண் கூடும். மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 55க்கும் 62க்கும் நடுவில் இருக்கும். 55, 56 என்றால் கூர் மடங்கும். 61, 62 என்றால் மடங்குவதற்குப் பதிலாகக் கூர் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து பல் விழும்.

ஒரே உருக்கை ஒரு பட்டறை 56க்கும் இன்னொரு பட்டறை 60க்கும் கொண்டுவர முடியும். இரண்டும் ஒரே பெயரில் விற்கும், ஆனால் கையில் இரண்டும் வேறு வேறு கத்தி. துவைச்சல் போட்ட கை சரியில்லை என்றால் உருக்கின் பெயரால் ஒன்றும் ஆகாது.

தாத்தாவின் கத்தி கறுத்துக் கிடக்கிறது. துருவா, எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள்! கறுப்பா, சிவப்பா என்று முதலில் பாருங்கள். விரலால் தேய்த்தால் செம்மண் மாதிரி ஒட்டினால் அது கறள். ஒட்டாமல் நீலமும் சாம்பலுமாகக் கறுத்திருந்தால் அது கத்தி போட்டுக்கொண்ட சட்டை.

கவ்வாத்து வெட்டுகிறவர்களின் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொப்பின் சாறு பட்டுப் பட்டு நாலு நாளில் கறுத்துவிடும். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்து எழுத்து மை செய்ததும் இதே சங்கதியை வைத்துத்தான். வாழைக்காய், பிலாக்காய் வெட்டினாலும் கார்பன் உருக்கு கறுக்கும். அந்தக் கறுப்புப் படலம் கறளை முழுக்கத் தடுக்காது, ஆனால் தாமதப்படுத்தும்.

புதுக் கார்பன் கத்தி வாங்கினால் நான் முதலிலேயே இந்தச் சட்டையைப் போட்டுவிடுவேன். பழைய ஜாம் போத்தலில் டஸ்ட் தேயிலை நாலு கரண்டி போட்டுக் கொதிநீர் ஊற்றி, குடிக்க முடியாத அளவுக்குச் சாயம் இறங்கவிட வேண்டும். ஆறியதும் கொஞ்சம் வினாகிரி. அலகைச் சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, அலகு மட்டும் மூழ்கும்படி கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், மடக்கு ஆணி நனையக் கூடாது. இரவு போட்டால் விடியும்போது மழை மேக நிறத்தில் இருக்கும். கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. வீட்டுக்காரி போத்தலை எடுத்துக் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு முறை மயிரிழையில் தப்பியது.

ஸ்டெயின்லெஸ் என்று வாங்கினேன், காந்தம் ஒட்டுகிறது. போலியா?

இல்லை. சோற்றுப் பானை, டம்ளர் செய்யும் எவர்சில்வரில் நிக்கல் கலந்திருக்கும், அதில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. அந்த வகையைத் துவைச்சல் போட்டு இறுக்க முடியாது. கத்தி அலகுக்கு இறுகும் வகைதான் வேண்டும், அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

ஸ்டெயின்லெஸ் கத்தியிலும் புள்ளி புள்ளியாகத் துரு வந்திருக்கிறதே?

உரம் வெட்டினீர்களா? நானும் அப்படித்தான் ஒன்றைக் கெடுத்தேன். பொட்டாஷ் உர மூட்டையின் வாயை டி2 கத்தியால் கிழித்து, அப்படியே மடக்கி, ஈர ஜாக்கெட் பையில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் அலகின் அடிப்பாகத்தில் குண்டூசியால் குத்தின மாதிரிக் குழிகள். அந்தப் பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். குளோரைடு, குரோமியம் போட்ட மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே போகும். நல்ல ஸ்டெயின்லெஸையும் நாள்பட்டால் விடாது.

உரம், கருவாடு, தேசிக்காய் வெட்டினால் உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, திறந்தபடியே கொஞ்ச நேரம் வையுங்கள். ஈரத்தோடு மடக்குவதுதான் கத்திக்கு எமன்.

விக்டோரினாக்ஸ் மெத்தென்ற உருக்கு என்கிறார்களே?

மெத்தென்றதுதான். சுமார் 0.55 சதவீதம் கார்பன், 14 சதவீதம் குரோமியம், கடினம் 56 பக்கம். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் 1884இல் தொடங்கிய பட்டறை அது. 1921இல் ஸ்டெயின்லெஸுக்கு மாறியபோது, ஸ்டெயின்லெஸைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல்லை எல்ஸனரின் தாயின் பெயரான விக்டோரியாவோடு ஒட்டித்தான் இன்றைய பெயர் வந்தது.

மெத்தென்று இருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் கத்தியைப் பெட்டியில் வைத்துப் பார்ப்பவர்கள். லீக்ஸ் தோட்டத்தில் மண் ஒட்டின வேரை வெட்டினால் எந்த உருக்கும் மழுங்கும், மண்ணில் மணல் இருக்கிறது. மாலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து பத்து இழுப்பு இழுத்தால் விக்டோரினாக்ஸ் திரும்பவும் மயிர் சிரைக்கும். அந்தப் பத்து இழுப்புக்கு விலை உயர்ந்த உருக்கு மசியாது.

ஆனால் டவுனில் நடைபாதையில் விற்கும் சிவப்புக் கத்தி எல்லாம் அந்தக் கத்தி இல்லை. நானே ஒரு முறை வாங்கி ஏமாந்தேன். ஒரிஜினலைத் திறந்தால் 'டக்' என்று உறுதியாக நிற்கும், மூடும்போதும் அதே சத்தம். போலி தளதளவென்று ஆடும், மூட்டுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். ஒரிஜினலில் அலகின் அடியில் பெயர் ஆழமாகப் பொறித்திருக்கும், அச்சு அடித்த மாதிரி இருக்காது.

440, 8சிஆர்13மோவி, ஏயூஎஸ்-8, 3சிஆர்13... இதெல்லாம் என்ன?

முதலில் '440' என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு. 440சி-யில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும் இருக்கும், அது நல்ல சாமான். 440ஏ-யில் 0.7 பக்கம்தான். சி என்று இருந்தால் எந்தக் கம்பனியும் அதைச் சொல்லாமல் விடாது.

8சிஆர்13மோவி சீனத்து உருக்கு. பெயரே கலவையைச் சொல்லிவிடும்: கார்பன் 0.8, குரோமியம் 13, அப்புறம் கொஞ்சம் மோலிப்டினமும் வனேடியமும். மலிவு விலைக் கத்திகளில் இதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஜப்பானின் ஏயூஎஸ்-8 இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். 3சிஆர்13 என்றால் கார்பன் 0.3தான், அது ரொட்டிக்குப் பட்டர் பூசத்தான் சரி.

14சி28என் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுவீடன் உருக்கு. கார்பன் 0.62, குரோமியம் 14, அதோடு 0.11 சதவீதம் நைட்ரஜன். கார்பன் செய்யும் வேலையில் ஒரு பங்கை நைட்ரஜன் செய்கிறது. அதனால் மணிகள் பெரிதாகாமலும் குரோமியம் சிக்கிக்கொள்ளாமலும் கடினம் ஏறுகிறது. துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், சாதாரணக் கல்லில் தீட்டுப்படும், விலையும் எட்டாத உயரமில்லை. நம் ஊர் மழைக்கு என்று யாரோ செய்தது போலவே இருக்கிறது.

டி2 வாங்கலாமா? ஊரெல்லாம் அதுதான் பேச்சு.

அச்சுகள் செய்யும் தொழிற்சாலை உருக்கு அது. கார்பன் 1.5, குரோமியம் 12 பக்கம். அட்டைப்பெட்டி, கயிறு, ரப்பர் குழாய் என்று நாள் முழுக்க வெட்டுபவருக்கு நல்ல கூலிக்காரன். 12 சதவீதம் குரோமியம் இருந்தும் முழு ஸ்டெயின்லெஸ் இல்லை, மேலே சொன்ன கதைதான், நிறையக் குரோமியம் மணிக்குள் போய்விட்டது. மழுங்கினால் சாதாரணக் கல்லில் தீட்ட ஒரு பிளேன்டி குடித்து இன்னொன்று குடிக்கும் நேரம் ஆகும். எலும்பில் தட்டினால் பல் விழும்.

வெலிமடையில் கடை வைத்திருப்பவருக்கு வாங்கு என்பேன். வட்டவளையில் பால் கறக்கப் போகிறவருக்கு வேண்டாம் என்பேன்.

எஸ்30வி, மேக்னாகட் என்று யூடியூபில் கொண்டாடுகிறார்களே?

உருகிய உருக்கைத் தெளித்துத் தூளாக்கி, அந்தத் தூளை அழுத்தி இறுக்கிச் செய்பவை. மணிகள் பொடியாகவும் சீராகவும் இருப்பது அதனால்தான். எஸ்30வி 2001இல் வந்தது, கத்திக்கென்றே வடிவமைத்த உருக்கு, 4 சதவீதம் வனேடியம். மேக்னாகட் 2021இல் லாரின் தாமஸ் என்ற உலோக அறிஞர் வடிவமைத்தது. அதில் குரோமியம் 11 சதவீதத்துக்கும் குறைவு, ஆனாலும் 14 சதவீதம் உள்ள பலதைவிட நன்றாகத் துருவைத் தாங்கும். குரோமியம் மணியே விழாதபடி கலவையை அமைத்திருக்கிறார், உள்ள குரோமியம் முழுக்கத் துருவைத் தடுக்கவே நிற்கிறது. கெட்டிக்காரத்தனமான வேலை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வனேடியம் கார்பைடு, சாதாரணக் கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு மணியைவிடக் கடினமானது. கல்தான் தேயும். வைரத் தகடு இல்லாமல் இவற்றை வாங்குவது, சாவி இல்லாமல் மோட்டார் சைக்கிள் வாங்குகிற மாதிரி.

ஒப்பினெல் கத்தி திறக்கவே மாட்டேன் என்கிறது!

ஆடி மாதத்தில் நுவரெலியாவில் இருக்கிறீர்கள், சரிதானே? அதன் பிடி பீச் மரம். பிரான்சின் சவோய் மலைக்காரர்கள் 1890இலிருந்து செய்கிறார்கள். மரம் ஈரம் குடித்து ஊதி, அலகைக் கவ்விக்கொள்ளும். அவசரத்துக்கு, பூட்டு வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகின் முனை மேலெழும். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

நிரந்தர வைத்தியத்துக்கு, அடுப்பு மேலே இரண்டு நாள் வைத்து நன்றாகக் காயவிட்டு, அலகு நுழையும் பிளவை மணல்தாள் மடித்து லேசாகத் தேய்த்து, மெழுகுதிரியை உருக்கித் தேயுங்கள். கார்பன் அலகு, ஸ்டெயின்லெஸ் அலகு இரண்டிலும் கிடைக்கிறது, பிந்தியது 12சி27 வகை. மழை ஊர்க்காரர் பிந்தியதை வாங்குங்கள்.

ஆசாரி அடித்துத் தரும் லொறி ஸ்பிரிங் கத்தி இவற்றுக்கு ஈடாகுமா?

தாராளமாக. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் சுமார் 0.5, 0.6 இருக்கும், முறியாது, வளைந்து நிமிரும். கவ்வாத்துக்கும் காட்டுக் கத்திக்கும் அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மெல்லிய மடக்குக் கத்திக்கு மட்டும் கொஞ்சம் மெத்து. பழைய அரத்தில் அடித்தால் கூர் இன்னும் நிற்கும், அரத்தில் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல். ஆனால் துவைச்சலுக்குப் பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை திரும்பச் சூடாக்கி இளக்க வேண்டும், சுமார் 220, 230 பாகை செல்சியஸ். அதை விட்டுவிட்டால் கீழே விழுந்தாலே உடையும். கொடுக்கும்போதே அரம் என்று சொல்லுங்கள்.

இந்தத் தொழில் நமக்குப் புதிதில்லை. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவவில் மலைச்சரிவு முழுக்கப் பழைய உலைகளைத் தோண்டி எடுத்தார்கள். துருத்தி வைத்து ஊதாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே உலைவாயில் வாங்கி, ஆயிரம் வருடங்களுக்கு முன்பே உயர்கார்பன் உருக்கு எடுத்திருக்கிறார்கள். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அங்கேயே அதே மாதிரி உலை கட்டி எரித்துக் காட்டி, 1996இல் வெளியிட்டார். நம் கத்திக்குக் கறளைக் கொண்டுவரும் அதே காற்று.

சாணைக்காரரிடம் கொடுத்தேன். ஒரு வாரம்கூடக் கூர் நிற்கவில்லை. உருக்கு கெட்டதா?

வெட்டும் விளிம்பின் நுனியைப் பாருங்கள். நீலம் அல்லது ஊதா ஓடியிருக்கிறதா? மின்சாரச் சக்கரத்தில் தண்ணீர் தொடாமல் பிடித்தால் மெல்லிய நுனி நொடியில் சூடேறும். கார்பன் உருக்கில் நீலம் வந்தால் 300 பாகையைத் தொட்டுவிட்டது, துவைச்சல் இளகிவிட்டது. அந்த நீலத்தைக் கையால் கல்லில் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே நல்ல உருக்கு இருக்கும். அடுத்த முறை ஒரு கோப்பை தண்ணீரைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சரி, வீட்டில் எப்படித் தீட்டுவது?

சாய்வுதான் எல்லோரும் தவறும் இடம். ஒரு தாளின் மூலையை எடுங்கள், 90 பாகை. பாதியாக மடித்தால் 45. இன்னொரு மடிப்பு, 22 சொச்சம். அந்தத் தாளைக் கல்மேல் நிறுத்தி, அலகை அதைவிடக் கொஞ்சம் தாழ்வாகப் பிடித்தால் சாய்வு கிடைத்துவிட்டது. கல் நனைந்திருக்கட்டும். கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பது போல் இழுங்கள், மறுபக்கத்தில் பெருவிரலை நுனிக்குக் குறுக்கே, நுனியின் நீளத்துக்கு ஓட்டாமல், தடவினால் கம்பி மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். நுனி முழுக்க அது வரும்வரை பக்கம் மாற்றாதீர்கள். பிசிறு வராமல் பக்கம் மாற்றுபவர்தான் "என் கத்தி ஏறவே ஏறாது" என்கிறவர்.

அப்புறம் வழவழப்பான பக்கம், அதற்கும் பிறகு தேத்தண்ணீர்க் கோப்பை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் இருக்கும், அதில் நாலு இழுப்பு, பழைய தோல் பெல்டில் பத்து இழுப்பு. பழுத்த தக்காளியின் தோலில் அலகை வெறுமனே வைத்து இழுத்துப் பாருங்கள், அழுத்தக் கூடாது.

தம்பி கத்தாரிலிருந்து வருகிறான். என்ன கொண்டுவரச் சொல்லட்டும்?

14சி28என் அலகில், பிளாஸ்டிக் பிடி போட்ட, கட்டைவிரல் நீள மடக்குக் கத்தி ஒன்று. பணம் மிஞ்சினால் உருக்கைப் பெரிதாக்க வேண்டாம், இரண்டு பக்க வைரத் தகடு ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள், அது ஊரில் உள்ள எல்லாக் கத்திக்கும் உதவும். மறக்காமல் சொல்லுங்கள், கைப்பையில் போட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், உடுப்புக்கு நடுவே.